தூக்கத்தில் பிரஷர் இறங்குகிறதா? வாசகர் கேள்விகள்

காலையில் 148, மதியம் 132, படுக்கும்போது 124. மெஷின் கோளாறா, எனக்குக் கோளாறா?

மெஷினைத் திட்ட வேண்டாம். ரத்த அழுத்தம் நாள் முழுக்க ஒரே எண்ணில் நிற்காது. விழிப்பு வரும் நேரத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பு கூடும். எழுந்து நடமாடத் தொடங்கியதும் அட்ரினலினும் சேர்ந்துகொள்ளும், பிரஷர் ஏறும். மாரடைப்பு காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் அதிகம் வருவதற்கு இந்த ஏற்றமும் ஒரு காரணம்.

ஆனாலும் காலை 148 தினமும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் எடுக்கும் அளவுக்குச் சராசரி எல்லை 135/85. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்பாக, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து 2 முறை எடுங்கள். மாலையிலும் அப்படியே. 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதன் சராசரியை டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்பாவுக்கு சர்க்கரை, பலத்த குறட்டை. கிளினிக்கில் பி.பி. 130தான். ஆனாலும் பிரஷரை இரவும் பகலும் அளக்கும் 24 மணி நேரக் கருவி கட்டச் சொல்கிறார் டாக்டர். வீண் செலவா?

இல்லை. உங்கள் டாக்டர் தேடுவது அப்பா தூங்கும்போது என்ன நடக்கிறது என்பதை. ஆரோக்கியமான உடலில் பகலைவிட இரவில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்கும். சிலருக்கு இறங்காது, சிலருக்கு ஏறவே செய்யும். அயர்லாந்து மருத்துவர் ஓயின் ஓ'பிரையன் 1988-லேயே இரவில் இறங்குபவர்கள், இறங்காதவர்கள் என்று இரண்டு வகையினரைப் பிரித்துக் காட்டினார். அதன்பின் வந்த ஆய்வுகள், பக்கவாதத்தையும் இதய நோயையும் முன்கூட்டிச் சொல்வதில் பகல் அளவைவிட இரவு அளவே கெட்டி என்கின்றன. இரவுச் சராசரிக்கு எல்லை 120/70. கிளினிக்கில் 130 என்பதால் அப்பா இதற்குள் இருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது.

குறட்டைக்காரர்களில் பலருக்கு மூச்சு அடிக்கடி அடைபடும். ஆக்ஸிஜன் குறையும்போதெல்லாம் உடல் பதறி ரத்தக்குழாய்களை இறுக்கும். சர்க்கரை நோய், துடிப்பையும் அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் தன்னியக்க நரம்புகளையே பாதிக்கக்கூடியது. சிறுநீரகம் தளர்ந்தால் பகலில் வெளியேறாத உப்பைத் தள்ள இரவிலும் அழுத்தம் உயர்ந்தே இருக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று நான் புலம்புவது இதற்காகத்தான்.

பட்டை இறுகும்போது கையை அசைக்காமல் வைக்கச் சொல்லுங்கள். எப்போது தூங்கினார், எத்தனை முறை எழுந்தார் என்று குறித்து வையுங்கள். கருவியின் இறுக்கத்திலேயே தூக்கம் கெட்டிருந்தால் அந்த ஒரு இரவை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

24 வயது, தினமும் ஓடுகிறேன். இரவில் வாட்ச் இதயத் துடிப்பை 46 என்று காட்டுகிறது. எச்.ஆர்.வி.யும் எகிறுகிறது. பயமாக இருக்கிறது.

மயக்கம், மூச்சுத்திணறல் இல்லையென்றால் பயம் வேண்டாம். ஆழ்ந்த தூக்கத்தில், இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் கை ஓங்கும், துடிப்பு குறையும். எச்.ஆர்.வி. என்பது ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு. மூச்சு இழுக்கையில் துடிப்பு சற்று வேகமாகும், விடுகையில் தணியும். இளம் இதயத்தில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், அது நல்லதே. பிரஷர் விஷயத்தில் கதை வேறு: அது பெரிய அளவில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது நல்லதல்ல. கனவு வரும் தூக்கத்தில் மட்டும் இரண்டுமே கொஞ்சம் தாறுமாறாக ஆடும். அதை உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தால் தூக்கம்தான் போகும்.

பிரஷர் மாத்திரையை இரவில் போட்டால் மாரடைப்பு குறையுமாமே?

2019-இல் வந்த ஒரு ஸ்பானிய ஆய்வு அப்படித்தான் சொன்னது. அதன் முறை பற்றிக் கடும் கேள்விகள் எழுந்தன. 2022-இல் வெளியான பிரிட்டனின் 'டைம்' ஆய்வு 21,000-க்கும் மேற்பட்டோரிடம் பார்த்தது. காலையோ மாலையோ, வித்தியாசம் இல்லை. மறக்காமல் போட முடிகிற நேரமே சரியான நேரம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை இரவில் போட்டால் பாத்ரூமுக்கு நடந்தே விடியும். வயதானவர்களுக்கு அந்த நடையில் தலைசுற்றி விழும் ஆபத்தும் உண்டு. டாக்டரைக் கேட்காமல் நேரத்தை மாற்றாதீர்கள்.

எனக்கு நைட் ஷிப்ட். எது என் இரவு?

நீங்கள் தூங்கும் நேரம். பிரஷர் இறங்குவது பெரும்பாலும் தூக்கத்தோடு ஒட்டியது. ஆனால் பகல் தூக்கம் துண்டு துண்டாக இருந்தால் முழுதாக இறங்காது. 24 மணி நேரக் கருவி கட்டும்போது ஷிப்ட் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் வேலை பார்த்த நேரத்தைத் தூக்கமாக எடுத்துக்கொண்டு, இரவில் பிரஷர் இறங்கவில்லை என்று ரிப்போர்ட் வந்துவிடும்.