நிலம் இல்லாவிட்டாலும் எஃப்.எஃப்.ஏ.வில் சேரலாம்

ஒன்பதாம் வகுப்பு மகள், அமெரிக்கப் பள்ளிகளில் வேளாண்மை படிக்கும் மாணவர்களுக்கான அமைப்பான எஃப்.எஃப்.ஏ.வில் சேர ஆசைப்படுகிறாள், ஆனால் அடுக்குமாடி வீடு, நிலமும் இல்லை மாடும் இல்லை என்று தயங்குகிறீர்கள். தயக்கமே வேண்டாம். 1928இல் அமெரிக்காவின் 'வருங்கால விவசாயிகள்' என்று தொடங்கிய அமைப்பு, விவசாயம் செய்யப்போகிறவர்களுக்கு மட்டுமானதல்ல என்று காட்டத்தான் 1988இல் பெயரையே மாற்றிக்கொண்டது. (பெண்களைச் சேர்க்க 1969 வரை எடுத்துக்கொண்டார்கள் என்பது தனிக் கதை.)

முதலில் பார்க்க வேண்டியது நிலத்தை அல்ல, பாட அட்டவணையை. பள்ளியில் கிளை இருக்கிறதா, வேளாண் வகுப்பில் இடம் கிடைக்குமா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். உறுப்பினராவதற்கு அந்த வகுப்புதான் வாசல்.

எஃப்.எஃப்.ஏ. மாணவர்கள் தனித்தனியே செய்யும் வேளாண் செயல்திட்டத்தை நினைத்துத்தான் பயப்படுகிறீர்கள் போலிருக்கிறது. நாற்றுப் பண்ணையில் வார இறுதி வேலை, கால்நடை மருத்துவமனையில் உதவி, பள்ளிப் பசுமைக்குடிலில் ஒரு மேசை எல்லாமே கணக்கில் வரும். என் மகன் பால்கனியில் ஐந்து தொட்டிக் கீரையோடு தொடங்கினான். விதைக்கு எவ்வளவு செலவு, தினமும் எத்தனை நிமிடம் என்று அவன் எழுதிய நோட்டைத்தான் ஆசிரியர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கீரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எஃப்.எஃப்.ஏ. சீருடையான நீலநிற கார்டுராய் ஜாக்கெட்டை அவசரப்பட்டு வாங்காதீர்கள். கிளையிலேயே இரவல் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.