கடன் வாங்கும் முன் கேட்க வேண்டிய இடங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் மெட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடிக்கப் போகிறான், பார்வை மிகக் குறைவு, டர்பனில் கணக்கியல் படிக்க ஆசைப்படுகிறான், லேப்டாப்பும் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளும் வாங்க வீட்டின் பேரில் கடன் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம் அம்மா.

முதலில் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ்., அதாவது தென்னாப்பிரிக்க அரசின் மாணவர் நிதியுதவித் திட்டம். மற்ற மாணவர்களுக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 350,000 ரேண்ட். மாற்றுத்திறனாளி மாணவருக்கு 600,000. அப்பா, அம்மா இருவரும் சம்பாதிக்கிறோம், நமக்கெல்லாம் தர மாட்டார்கள் என்று பலர் விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டப் படிப்பு என்றால், கட்டணத்தோடு துணைக்கருவிக்கும் அதில் இடம் உண்டு. மருத்துவர் நிரப்பித் தரவேண்டிய தனிப் படிவம் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்.

அந்தப் படிவத்தில்தான் பலருக்குச் சறுக்குகிறது. ‘பார்வைக் குறைபாடு உள்ளது’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால், என்ன கருவி, ஏன் தேவை என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? நீங்களே எழுதியிருந்தீர்கள்: புத்தகத்தை ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிக்கிறான், பேரேட்டில் பற்றுப் பக்கத்தைப் பார்க்கும்போது வரவுப் பக்கம் திரையை விட்டே போய்விடுகிறது, இரண்டையும் ஒப்பிட முடியாமல் தொகையை மனப்பாடம் செய்துகொள்கிறான் என்று. அதை அப்படியே எழுதுங்கள். எந்த அளவு எழுத்தைப் படிக்க முடிகிறது, எவ்வளவு நேரத்தில் கண் சோர்கிறது என்பதையும் மருத்துவரிடம் குறிப்பிடச் சொல்லுங்கள். பரிதாபம் காட்டி எழுத வேண்டாம். எந்தக் கருவி வந்தால் எந்த வேலையைத் தானே செய்வான் என்பதே போதும்.

அதற்குள் என்.வி.டி.ஏ. என்ற, திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை விண்டோஸ் கணினியில் போட்டுப் பழகட்டும். அது முழுக்க இலவசம். அது போதுமென்றால் செலவு மிச்சம். போதவில்லை என்றால், எங்கே போதவில்லை என்று அவனே விளக்க முடியும். விலை கூடிய மென்பொருளைக் கேட்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. இடம் கிடைக்கும்வரை காத்திராமல் விண்ணப்பிக்கும்போதே அவர்களிடம் பேசுங்கள். எந்தக் கருவி, விலைப்புள்ளி யாரிடம் வாங்குவது, வகுப்பு தொடங்குமுன் கைக்கு வருமா என்றெல்லாம் கேளுங்கள்.

அப்புறம், அரசின் சமூகப் பாதுகாப்பு முகமையான சாசாவிடம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான பராமரிப்பு உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால், அது 18 வயதோடு நின்றுவிடும். பெரியவர்களுக்கான மாற்றுத்திறனாளி உதவித்தொகையாகத் தானாக மாறாது. அவன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஏதாவது கைக்காசு போட்டு வாங்க நேர்ந்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். குறைபாட்டை மருத்துவர் உறுதிசெய்த ஐ.டி.ஆர்.-டி.டி. என்ற வரிப் படிவம் இருந்தால், தகுதியான செலவில் ஒரு பகுதியை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்.

வேலைக்குப் போன பிறகு என்ன ஆகும் என்ற பயமும் உங்கள் கடிதத்தில் தெரிந்தது. 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி, மாற்றுத்திறனாளி ஊழியருக்கு நியாயமான வசதி செய்து தருவது முதலாளியின் பொறுப்பு. கண்ணுக்குப் பயந்து கணக்கியலை மாற்றச் சொல்லாதீர்கள்.

விண்ணப்பத்தின் முதல் பத்தியைத் தம்பியே எழுதட்டும். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்த்துத் திருத்தலாம்.