சிப்பிப்பாறையை முயலுக்கு விடலாமா?

கேள்வி: சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். முயல் வேட்டைக்குப் பழக்கலாமா ஐயா?
- வாசகர், சாத்தூர்

பதில்: வேண்டாம் தம்பி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பது குற்றம். நாயை ஏவிப் பிடித்தாலும் அது வேட்டைதான்.

சின்ன வயதில் தாத்தாவோடு கரிசல் காட்டுக்குப் போனவன் நான். அவருடைய கன்னி இன வேட்டை நாய் மோப்பம் பிடித்து அலையாது. கண்ணால் பார்த்துத்தான் பாயும். பருத்திச் செடியடியில் பதுங்கிக் கிடக்கும் முயல், நாம் கிட்டத்தட்ட மிதிக்கப் போகும்போதுதான் எழும்பும். நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டாது. ஓட்டம்தான் அதற்குக் காவல். நாய் கவ்வப் போகிற நேரத்தில் சட்டென்று ஒடித்துத் திரும்பும். நாய் வேகத்தில் தாண்டிப் போய்விடும். ஒருநாள் பிடிபட்டதைக் கையில் வாங்கினேன். உடம்பில் சூடு ஆறவில்லை. அதன் மடியில் பால் சுரந்திருந்தது. அப்புறம் நான் போகவில்லை.

ஆனால் உங்கள் சிப்பிப்பாறைக்கு ஓட்டம் கட்டாயம் வேண்டும். வெயிலேறும் முன் வேலி அடைத்த தோட்டத்தில் அவிழ்த்து விடுங்கள். குட்டிதானே, ஒரு வயது ஆகும்வரை ரொம்ப ஓடவிடாதீர்கள், எலும்பு இறுகட்டும்.