முதலில் உடையா, பயிற்சியா?

வினா: எங்கள் தீயணைப்புக் குழுவில் 20 பேர் இருக்கிறோம். இரசாயனம் ஏற்றிய டேங்கர் லாரிகள் நாள்தோறும் செல்லும் நெடுஞ்சாலை எங்கள் பொறுப்பில் வருகிறது. கையிலுள்ள நிதியில் உடல் முழுவதையும் மூடும் பாதுகாப்பு உடைகளை வாங்கி, அனைவருக்கும் ஒரு நாள் பயிற்சி அளித்தால் போதுமா?

பதில்: போதாது, வரிசையும் மாற வேண்டும். உடை வந்துவிட்டால் உள்ளே போய்விடலாம் என்ற துணிச்சலும் கூடவே வந்துவிடுகிறது. 20 பேருக்கும் முதலில் தேவைப்படுவது, லாரியை நெருங்காமலே முதல் பத்து நிமிடங்களைக் கையாளும் பயிற்சி.

1973 ஜூலையில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிங்மன் நகரில் புரொப்பேன் ஏற்றிய ரயில் டேங்கர் ஒன்று தீப்பிடித்தது. அது வெடித்ததில் 11 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். தொட்டிக்குள் திரவம் இருக்கும் மட்டம் வரை சுவரின் வெப்பத்தைத் திரவம் உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் ஆவி மட்டுமே நிற்கும் பகுதியில் தீ பட்டால் உலோகம் விரைவில் வலுவிழந்து கிழிந்துவிடும். இதை அறிந்தவர், போதிய தண்ணீர் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி இல்லாதபோது ஆட்களைப் பின்வாங்கச் செய்வார்.

ஆகவே முதல் நாள் முழுவதையும் அடையாளம் காண்பதற்கே ஒதுக்குங்கள். ஐரோப்பிய முறையைப் பின்பற்றும் நாடுகளில் டேங்கரின் ஆரஞ்சுப் பலகையில் இரண்டு வரி எண்கள் இருக்கும். கீழ் வரியில் இருப்பது பொருளைக் குறிக்கும் ஐ.நா. எண்: 1203 என்றால் பெட்ரோல், 1017 என்றால் குளோரின், 1005 என்றால் நீரற்ற அமோனியா. மேல் வரி அபாயத்தின் தன்மையைச் சொல்லும். அதன் முன்னால் ‘எக்ஸ்’ என்ற எழுத்து இருந்தால், அப்பொருள் தண்ணீர் பட்டால் ஆபத்தாக வினைபுரியும் என்று பொருள். எந்த அழைப்புக்கும் முதலில் குழாயை நீட்டிப் பழகிய நம்மவர்களுக்கு இந்த ஓர் எழுத்து மிக முக்கியம். வகுப்பறையில் படம் காட்டினால் மனத்தில் நிற்காது. 100 மீட்டர் தொலைவில், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நின்றுகொண்டு, பைனாகுலரால் பலகையைப் படித்து, வானொலியில் எண்ணைப் பிழையின்றிச் சொல்ல வையுங்கள். 100 மீட்டர் என்பதற்கும் காரணம் உண்டு: என்னவென்று தெரியாத பொருள் கசியும்போது எல்லாத் திசைகளிலும் குறைந்தது அந்த அளவு விலக்கி வைக்கும்படி வட அமெரிக்க அவசரநிலைக் கையேடு கூறுகிறது. டேங்கரே தீயில் சிக்கியிருந்தால் அது 800 மீட்டராகிறது.

அதற்கு அடுத்த படி, தொலைவிலிருந்தபடியே பரவலைத் தடுப்பது: மண் அணை கட்டுதல், வடிகாலை மூடுதல், மக்களை வெளியேற்றுதல். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதிகள் இந்த நிலைக்குக் குறைந்தது 8 மணி நேரப் பயிற்சியோ போதிய அனுபவமோ வேண்டும் என்கின்றன. கசிவை நேரில் சென்று அடைப்பவருக்கு 24 மணி நேரத்தைக் குறைந்தபட்சமாக வைத்து, ஆண்டுதோறும் புத்தாக்கப் பயிற்சியையும் கேட்கின்றன. அந்த 24 மணி நேரம் தொடக்கம்தான் என்பது என் கருத்து.

உள்ளே செல்லும் பயிற்சிக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தால் போதும். இருவர் உள்ளே போகும்போது இருவர் அதே உடையில் மீட்புக்குத் தயாராக நிற்க வேண்டும். மாசுநீக்கத்தை, அதாவது வெளியே வருபவர் உடையில் படிந்த இரசாயனத்தைக் கழுவி அகற்றுவதை, கவனிக்க இருவர். முதுகில் சுமக்கும் மூச்சுக்காற்று சிலிண்டரின் கணக்கை அவர்களே தாளில் போட்டுப் பார்க்கட்டும். 300 பார் அழுத்தத்தில் 6 லிட்டர் சிலிண்டர் என்றால் ஏறத்தாழ 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் வீதம் 45 நிமிடம். உடைக்குள் வியர்த்து மூச்சு வாங்கும்போது அது 60 லிட்டருக்கு ஏறினால் 30 நிமிடம்தான். நடந்து போவது, திரும்புவது, மாசுநீக்கத் தொட்டியில் நின்று உடையைக் கழுவிக்கொள்வது எல்லாம் இந்தக் காற்றில்தான் நடந்தாக வேண்டும். மூன்றடுக்குக் கையுறையோடு ஒரு சிறிய வால்வைத் திருகச் சொல்லுங்கள். வெறுங்கையில் சில நொடியில் முடிகிற வேலை எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்பதைக் கடிகாரத்தில் குறித்து, மீதமுள்ள காற்றோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். மாசுநீக்க இடம் ஆயத்தமாகும் முன் எவரும் உள்ளே அடியெடுத்து வைக்கக் கூடாது.

நிதியில் முதலில் வாங்க வேண்டியவை பைனாகுலர், அவசரநிலைக் கையேடு, வாயு கண்டறியும் கருவி, அதைச் சோதித்துப் பார்க்கும் வாயு ஆகியவை. உடைகளை அந்த ஆறு பேரும் பயிற்சி முடித்த பிறகு, அவர்கள் உடல் அளவுக்கே வாங்குங்கள்.