லேசருக்குப் பிறகும் கண் தொல்லை: சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கண்ணாடி பவரைப் போக்க லேசரால் கருவிழியைச் செதுக்கும் லேசிக் ஆபரேஷனைச் செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோர் நன்றாகவே பார்க்கிறார்கள். 'ரிப்போர்ட் எல்லாம் நார்மல்' என்ற பதிலோடு வீடு திரும்பி, கண்ணைக் கசக்க முடியாமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது மனப்பிரமை அல்ல. லேசிக் செய்தவர்களிடமே தொல்லைகளைக் கேட்டறிந்த, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பங்கேற்ற ப்ரவுல் ஆய்வு 2017ல் வெளியானது. ஆபரேஷனுக்கு முன் ஒளிவட்டம், கூச்சம் எதுவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை, மூன்றாம் மாதத்தில் ஏதாவது ஒரு புதுத் தொல்லையைச் சொல்லியிருந்தார்கள். அன்றாட வேலையே தடைபடும் அளவுக்குத் தவித்தவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. டாக்டரிடம் எந்தச் சோதனையைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் பாதி அலைச்சல் குறையும். அதனால் ஒவ்வொரு பதிலிலும் அதைச் சேர்த்தே சொல்கிறோம்.

லேசிக் செய்து எட்டு மாதம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. தினம் பத்து முறை சொட்டு விட்டும், மதியத்துக்கு மேல் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது. (வாசகி, 27, அஸ்தம்பட்டி)

லேசிக்கில் கருவிழியின் முன்பக்கக் கண்ணாடிப் படலத்தில் (கார்னியா) மெல்லிய மடலை வெட்டித் தூக்கும்போது, கண்ணீரைச் சுரக்கச் சொல்லும் நரம்புகளும் சேர்ந்தே அறுபடுகின்றன. அவை திரும்ப வளர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். எட்டாம் மாதத்தில் இன்னும் உறுத்துவது அபூர்வமல்ல.

முதலில் சொட்டு மருந்தின் அட்டையைப் பாருங்கள். பென்சல்கோனியம் குளோரைடு என்று இருந்தால் அது மருந்து கெடாமலிருக்கச் சேர்ப்பது. நாளுக்கு நாலைந்து முறைக்கு மேல் விடும்போது கருவிழியின் மேல்படலத்தை அதுவே அரிக்கும். அந்தப் பொருள் இல்லாத சொட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை உடைத்துப் பயன்படுத்தும் சின்னக் குப்பிகளாகக் கிடைக்கிறது, விலை கூடுதல்தான். சிவப்பு போக்கும் சொட்டு வேண்டாம். பன்னீர், தேன், விளக்கெண்ணெய் எதையும் கண்ணுக்குள் விடவே வேண்டாம்.

அடுத்தது இமை. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காப்பது இமை ஓரச் சுரப்பிகளின் எண்ணெய். அது கெட்டியாகி அடைத்துக்கொண்டால் எத்தனை சொட்டு விட்டாலும் நிற்காது. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, மூடிய இமைமேல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் மாற்றி மாற்றி எட்டு முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான், ஒரே ஒத்தடத்தோடு எழுந்துவிடுகிறார்கள். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் இமை ஓரமாக மெதுவாக வருடுங்கள். விழியை அழுத்தக் கூடாது. ஆபரேஷன் முடிந்த ஆரம்ப வாரங்களில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

சேலத்துச் சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாது. டேபிள் ஃபேனைக் கால்பக்கம் திருப்பி வையுங்கள். திரையைக் கண்மட்டத்துக்குக் கீழே இறக்கினால் இமை பாதி மூடியிருக்கும், கண் அவ்வளவாகக் காயாது.

இரண்டு மாதம் இப்படிச் செய்தும் குறையாவிட்டால் இமை ஓரத்தில் தாள் வைத்துக் கண்ணீரை அளக்கும் ஷிர்மர் சோதனை, கண்ணீர்ப் படலம் உடையும் நேரம், சாயம் போட்டுப் பார்ப்பது ஆகிய மூன்றையும் கேளுங்கள். ஷிர்மர் தாள் 5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் வறட்சி கடுமை. படலம் 10 விநாடிக்குள் உடைந்தால் எண்ணெய்ச் சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். சைக்ளோஸ்போரின் 0.05 சதவீதச் சொட்டு எழுதிக்கொடுத்தால், முதல் வாரங்களில் எரியும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம் பிடிக்கும். எரிகிறதே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

ஏற்காடு சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். லேசிக்குக்குப் பிறகு இரவில் எதிரே வரும் விளக்கைச் சுற்றிப் பெரிய வட்டம். 20 கொண்டை ஊசி வளைவிலும் உயிர் போய் வருகிறது. (வாசகர், 34, ஏற்காடு)

சோதனைகள் முடியும்வரை இரவு சவாரியை எடுக்காதீர்கள். பிழைப்பு அது என்பது தெரிந்துதான் சொல்கிறோம். பனி இறங்கிய இரவில் எதிர் விளக்கின் ஒளி இன்னும் சிதறும், நிதானிக்க அவகாசம் இருக்காது.

காரணம் எதுவென்று வீட்டிலேயே ஓரளவு பிடிக்கலாம். இரவில் தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள். செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விட்டு நாலைந்து முறை இமைத்ததும் வட்டம் சற்று நேரம் சுருங்கினால் கண் வறட்சிக்குப் பங்கு உண்டு. அடுத்து, செல்போன் டார்ச்சை முகத்துக்குப் பக்கவாட்டில், கண்ணில் நேராகப் படாமல் பிடித்தபடி பாருங்கள். வட்டம் சுருங்கினால், இருட்டில் கண் பாப்பா லேசர் திருத்திய வட்டத்தைத் தாண்டி விரிகிறது என்று நினைக்கலாம். திருத்தும் வட்டம் பொதுவாக 6 முதல் 6.5 மில்லிமீட்டர். இளவயதில் பாப்பா இருட்டில் 7 மில்லிமீட்டர்கூட விரியும்.

இதைச் சொல்லி, இருட்டில் பாப்பாவின் அளவு, கருவிழி வரைபடம், மிச்சப் பவர் மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். மைனஸ் 0.50, சிலிண்டர் (கருவிழி ஒரே சீராக வளையாததால் வரும் பவர்) 0.75 மாதிரி சின்ன மிச்சம்கூட இரவில் பெரிதாகத் தெரியும். ஒளி பிரதிபலிக்காத பூச்சுள்ள கண்ணாடி போட்டாலே பலருக்குப் பெருமளவு தீரும். கடையில் விற்கும் மஞ்சள் 'நைட் டிரைவிங்' கண்ணாடி இருக்கிற வெளிச்சத்தையும் குறைக்கும், வாங்காதீர்கள். பாப்பாவைச் சுருக்க பிரிமோனிடின் சொட்டைச் சில டாக்டர்கள் எழுதுவார்கள். தூக்கக் கலக்கம் வரக்கூடிய மருந்து அது, முதல் சில முறை வீட்டிலிருக்கும்போது விட்டுப் பார்க்காமல் வண்டியில் ஏறாதீர்கள். வரைபடத்தில் லேசர் நடுவிலிருந்து விலகிப் பட்டிருப்பது தெரிந்தால், கண்ணின் வெள்ளைப் பகுதியில் அமரும் பெரிய கடின லென்ஸான ஸ்க்லீரல் லென்ஸ் நல்ல வழி. மறு லேசருக்கு அவசரப்பட வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு முன் பவர் பூஜ்யம். இப்போது சிலிண்டர் மட்டும் 1.75, ஆறு மாதத்தில் ஏறியது. அலர்ஜியால் கண்ணைத் தேய்ப்பேன். திரும்ப லேசர் செய்யலாமா? (வாசகர், 24, ஆத்தூர்)

கூடாது. முதலில் கருவிழி முன்னே பிதுங்குகிறதா என்று பார்த்தாக வேண்டும். லேசிக்குக்குப் பின் வரும் இந்தப் பிதுக்கத்தை 1998ல் தியோ சைலர் விவரித்தார். உங்கள் பழைய ரிப்போர்ட்டில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கருவிழித் தடிமன் 500 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மடல் 110, 6 பவருக்குச் செதுக்கியது சுமார் 90 என்றால் மிச்சம் 300. 250க்குக் கீழே போகக் கூடாது என்பது வெகுகாலமாக உள்ள வரம்பு. அதற்கு மேலிருந்தும் சிலருக்குப் பிதுங்குவதுண்டு, விடாமல் தேய்ப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

கருவிழியின் பின்பக்கத்தையும் காட்டும் ஸ்கேனை எடுங்கள், மூன்று மாதம் கழித்து அதே மெஷினில் மறுபடி எடுங்கள். மெஷின் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. பிதுக்கம் கூடுவது உறுதியானால் கிராஸ்லிங்கிங். ரைபோஃப்ளேவின் சொட்டை ஊறவிட்டு, புற ஊதா ஒளி பாய்ச்சி, கருவிழியை இறுக்குவார்கள். மூன்று நான்கு நாள் வலி இருக்கும். பிதுக்கத்தை நிறுத்துவதுதான் அதன் வேலை, இழந்த கூர்மையைத் தராது. தெளிவான பார்வைக்குப் பிறகு கடின லென்ஸோ ஸ்க்லீரல் லென்ஸோ தேவைப்படும். அரிப்புக்கு அலர்ஜிச் சொட்டும் குளிர்ந்த ஒத்தடமும் இன்றே தொடங்கட்டும், கை கண்ணுக்குப் போகவே கூடாது.

காப்பித் தோட்டத்தில் கவாத்து வேலை பார்க்கிறோம். லேசிக் செய்த கண்ணில் கிளை அடித்தால் என்ன செய்வது? (வாசகர், 31, நாகலூர்)

மடலின் ஓரம் பழைய பலத்துக்கு ஆறுவதில்லை. பல வருடம் கழித்துக்கூட அடிபட்டு விலகியதுண்டு. தேய்க்காதீர்கள், பஞ்சை வைத்து இறுக்கிக் கட்டாதீர்கள். பேப்பர் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் மட்டும் படும்படி கவிழ்த்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, அன்றே மலையிறங்குங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் மடலில் சுருக்கம் படிந்துவிடும், அடியில் செல்கள் வளரத் தொடங்கும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ வேறெதுவோ, நுழைந்ததும் 'லேசிக் செய்த கண், கிளை அடித்தது' என்று சொல்லுங்கள். செடி, கிளை பட்ட காயத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டை விட்டால் அது கொழுந்துவிட்டுப் பரவும். கவாத்துக்குப் போகும்போது பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

டாக்டர் கண் சுத்தமாக இருக்கிறது என்கிறார். எனக்கோ வெளிச்சம் பட்டாலே எரிகிறது, காற்று பட்டால் குத்துகிறது. (வாசகி, 29, சூரமங்கலம்)

அறுபட்ட நரம்பு தவறாக வளர்ந்து, காரணமில்லாமல் வலிச் செய்தி அனுப்பும் நிலை இது. கண்ணில் புண் எதுவும் தெரியாது, வலி நிஜம். மரத்துப்போகும் சொட்டை டாக்டர் ஒருமுறை விட்டுப் பார்க்கட்டும். வலி முழுதும் நின்றால் கோளாறு கருவிழி நரம்பில், நிற்காவிட்டால் மூளைப்பக்கமும் வலி பதிந்திருக்கிறது. முதல் வகைக்கு, உங்கள் ரத்தத்திலிருந்தே எடுக்கும் சீரம் சொட்டு பலருக்கு உதவுகிறது. குப்பிகளை ஃப்ரீசரில் வைத்து, பயன்பாட்டில் உள்ளதை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இரண்டாம் வகைக்குக் காபாபென்டின், நார்ட்ரிப்டிலின் போன்ற நரம்பு மாத்திரைகள் குறைந்த அளவில் தொடங்கப்படும். அது மனநோய்க்கான சீட்டு என்று வீட்டில் யாரும் பேச விடாதீர்கள். மரப்புச் சொட்டை மட்டும் கையில் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. தொடர்ந்து விட்டால் கருவிழி கரைந்துபோகும்.

அம்மாவுக்கு 58 வயது. முன்பு லேசிக் செய்தவர், இப்போது கண்புரை. கவனிக்க என்ன இருக்கிறது? (வாசகர், ஓமலூர்)

லேசருக்கு முந்தைய பவரும் கருவிழி வளைவு எண்களும் உள்ள பழைய ஃபைலைத் தேடி எடுங்கள். செதுக்கிய கருவிழியில் வழக்கமான கணக்கைப் போட்டால், வைக்கும் லென்ஸின் பவர் குறைந்துபோய், பிறகு பிளஸ் கண்ணாடி போட நேரும். ஃபைல் கிடைக்காவிட்டாலும் பாரெட் ட்ரூ-கே போன்ற கணக்குமுறைகள் உள்ளன, லேசிக் செய்தவர் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால் போதும். தூரம், கிட்டம் இரண்டுக்கும் சேர்த்து வைக்கும் மல்டிஃபோகல் லென்ஸ் வேண்டாம் என்பது எங்கள் கருத்து, ஏற்கெனவே உள்ள ஒளிச்சிதறலோடு இன்னொன்று சேரும். கண் அழுத்தம் பார்க்கும்போதும் லேசிக்கைச் சொல்லுங்கள். மெலிந்த கருவிழியில் அழுத்தம் குறைவாகக் காட்டும், உண்மையில் கூடுதலாக இருக்கலாம்.

கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் இடம் சரியாகத் தெரிவதில்லை. லேசர் தோற்றுவிட்டதா? (வாசகர், 42, செவ்வாய்ப்பேட்டை)

இல்லை, வெள்ளெழுத்து. லேசர் செய்யாதவர்களுக்கும் வருவதுதான். பட்டறையில் கண்ணுக்கும் கொலுசுக்கும் உள்ள தூரத்தைச் சென்டிமீட்டரில் அளந்துகொண்டு போய், அந்தத் தூரத்துக்குக் கண்ணாடி எழுதச் சொல்லுங்கள். லேசருக்கு முன் உங்களுக்கு மைனஸ் 6க்கு மேல் இருந்திருந்தால், வருடம் ஒருமுறை பாப்பாவை விரித்து விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணின் நீளத்தை லேசர் மாற்றுவதில்லை, விழித்திரை கிழியும் ஆபத்து அப்படியே இருக்கும். மின்னல் வெட்டு, திடீரெனக் கூடும் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து இறங்கும் திரை, இவற்றில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும்.