ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கிறோம். விளக்குப் படங்கள், ஆர்டர் கணக்கு எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். நோட்டீஸ் அடிக்கப் பென்டிரைவைக் கும்பகோணம் கொண்டுபோய் வந்ததிலிருந்து, அதிலுள்ள ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாகத் தெரிகின்றன. சர்வீஸ் பார்ப்பவர், "ஃபார்மட் பண்ணிவிட்டு, 1,500 ரூபாய்க்கு ஆன்டிவைரஸ் போடுங்கள்" என்கிறார். வாங்கலாமா? இருப்பது விண்டோஸ் 10, கடைக்காரரே போட்டுக் கொடுத்தது.

பதில்: ஃபார்மட் வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். இந்த ஷார்ட்கட் வைரஸ் பெரும்பாலும் ஃபைல்களை அழிப்பதில்லை. அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கிறது. அதைத் திறந்தால் கம்ப்யூட்டருக்குள் ஏறி, அடுத்துச் செருகும் பென்டிரைவுக்கும் தொற்றும். அதனால் ஷார்ட்கட்டைத் தொடாமல், விண்டோஸிலேயே இருக்கும் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து ஃபுல் ஸ்கேன் கொடுங்கள். பென்டிரைவையும் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில், மறைந்திருப்பவற்றைக் காட்டும்படி டிக் செய்தால் உங்கள் படங்கள் தெரிய வாய்ப்புண்டு.

சரி, ஆன்டிவைரஸ். விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸே உங்கள் பட்டறைக்குப் போதும் என்பேன். அந்த 1,500 ரூபாயை இப்போது செலவழிக்காதீர்கள்.

எனக்குக் கவலையே, கடைக்காரர் போட்டுக் கொடுத்த அந்த விண்டோஸ்தான். பில்லில் விண்டோஸ் லைசென்ஸ் என்று இருக்கிறதா, பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடமே கேளுங்கள். திருட்டு விண்டோஸை இயங்க வைக்கும் 'கிராக்' புரோகிராம்கள் பல, முதலில் டிஃபெண்டரை அணைக்கச் சொல்கின்றன. கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பூட்டு வாங்கி என்ன பயன்?

அசலாகவே இருந்தாலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அப்டேட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதே வானாக்ரை, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று பாருங்கள். தாங்கினால் அசல் லைசென்ஸோடு அதற்கு மாறிவிடுங்கள்.

மிச்சப் பணத்தில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒருமுறை படங்களையும் கணக்கையும் அதில் காப்பி செய்து, உடனே கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் வானாக்ரை போன்றவை அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கார்த்திகை ஆர்டர் குவிகிற நேரத்தில் கணக்கு போய்விட்டால் யாரிடம் போய் நிற்பீர்கள்?

இன்னொன்று. "வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று திரையில் வந்தால் போன் செய்யாதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.