லைக் போடாமலே எப்படித் தெரிந்தது?

கேள்வி: தினமும் ஜீப்பில் வண்டன்மேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள் நான். கர்ப்பப்பைக் கட்டி பற்றி ஒரு மருத்துவ வெப்சைட்டில் படித்தேன். லைக் போடவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. அன்று ராத்திரியே பேஸ்புக்கில் கர்ப்பப்பை ஆபரேஷன் விளம்பரம்! போனை வாங்கிப் பார்த்த மகன், "என்னம்மா இது?" என்கிறான். பேஸ்புக்குக்கு யார் சொன்னது?
– பெயர் வேண்டாம், கம்பம்

பதில்: அக்கா, அந்த வெப்சைட்டேதான் சொல்லியிருக்கும்.

முன்பெல்லாம் வெப்சைட் பக்கத்தில் பேஸ்புக் லைக் பட்டன் இருந்தாலே போதும், நீங்கள் அதைத் தொடக்கூட வேண்டியதில்லை. பட்டன் வந்ததே பேஸ்புக் சர்வரிலிருந்துதான். எந்தப் பக்கத்துக்காக, எந்த பிரவுசருக்காக (வெப்சைட் பார்க்கும் ஆப்) வந்தது என்பது அங்கே பதிவாகிவிடும். 2010-லிருந்து, 2026 பிப்ரவரியில் அந்தப் பட்டனை பேஸ்புக் நிறுத்தும்வரை இப்படித்தான். இப்போது பட்டனும் தேவையில்லை, பிக்சல் என்று வெப்சைட்டுக்குள் ஒட்டிவைக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டு புரோகிராம் போதும். அதே பிரவுசரில் எப்போதாவது பேஸ்புக் திறந்திருந்தால், அது விட்டுப்போன குக்கீ என்ற சின்ன அடையாளச் சீட்டை வைத்து ஆளைக் கண்டுகொள்ளும். குமுளி செக்போஸ்ட்டில் வண்டி நம்பர் எழுதுகிறவர், நீங்கள் ஏறி இறங்கும் கடை வாசலிலெல்லாம் நோட்டோடு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்?

இங்கே செல்போன் கடை வைத்திருக்கும் எனக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு. மச்சானின் மசாலாக் கடைக்கு வெப்சைட் போட்டபோது பிக்சலை ஒட்டியது நான்தான். ஏலக்காய் விலையைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவருக்கு மறுநாள் விளம்பரம் காட்டலாமே என்ற ஆசை. லைக் பட்டன் வைத்த ஒரு துணிக்கடை வெப்சைட்டுக்கும் பொறுப்பு உண்டு என்று 2019-லேயே ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் கடிதம் வந்த அன்று பிக்சலை எடுத்துவிட்டேன். மச்சான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சரி, உங்கள் போனுக்கு வருவோம். பேஸ்புக் செட்டிங்ஸில் கணக்கு மையத்துக்குள், மற்ற வெப்சைட்டுகளிலிருந்து வந்த உங்கள் செயல்பாடுகள் என்று ஒரு பகுதி இருக்கும். பழையதை அழித்து, இனி சேர்க்காதபடி துண்டித்துவிடுங்கள். விளம்பரம் குறையாது, உங்கள் படிப்பை வைத்து வருவதுதான் குறையும். வியாதி பற்றிப் படிக்க பயர்பாக்ஸ் என்ற தனி பிரவுசரைப் போட்டுக்கொள்ளுங்கள், அதில் பேஸ்புக்கைத் திறக்கவே கூடாது. பேஸ்புக்குக்குள் வரும் லிங்கைத் தொட்டுப் படித்தால் இவ்வளவும் வீண்.

அப்புறம், அந்த விளம்பர ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன், தேனி க.விலக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஒருதரம் காட்டிவிடுங்கள் அக்கா.